மண்டபத்தில் போக்கர் மன்றம் தொடங்கினால் அது சட்டவிரோதச் சூதாட்டம் ஆகுமா?

கேட்டவர்: மண்டபம் கிட்டங்கி

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி, என் தந்தையார் கருவாட்டு வணிகம் செய்த காலத்தில் கட்டிய கிட்டங்கி ஒன்று இருக்கிறது. அவர் காலமான பிறகு நான்கு ஆண்டுகளாக அது பூட்டியே கிடக்கிறது. என் தங்கையின் கணவர் பெங்களூரில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அவரும் அவருடைய நண்பர்கள் மூவரும் அந்தக் கிட்டங்கியைச் செப்பனிட்டு, குளிர்சாதன வசதி செய்து, நான்கு மேசைகள் போட்டு, போக்கர் என்ற சீட்டாட்டத்துக்கு ஒரு மன்றம் நடத்த விரும்புகிறார்கள். இராமேசுவரத்துக்கு வரும் வெளியூர்க்காரர்கள், கீழக்கரையிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்று விடுமுறையில் திரும்பியிருப்பவர்கள், பெரிய படகுகளின் உரிமையாளர்கள் ஆகியோர் உறுப்பினர்களாகச் சேருவார்கள் என்பது அவர்களுடைய கணக்கு.

அவர்கள் சொல்லும் ஏற்பாடு இதுதான். மன்றத்தைச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்வார்கள். உறுப்பினர்கள் ஆண்டுச் சந்தா கட்டுவார்கள். ஆடுகிறவர்கள் பணத்தைக் கொடுத்து அதற்கு ஈடான வில்லைகளை வாங்கிக்கொண்டு ஆட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் வில்லைகளைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆடுகிறவர்கள் பணயமாக வைத்து மேசை நடுவில் சேரும் தொகையில் நூற்றுக்கு ஐந்து ரூபாயை மன்றம் எடுத்துக்கொள்ளும். எனக்குக் கட்டடத்துக்கான வாடகையும் இலாபத்தில் ஒரு பங்கும் தருவதாகச் சொல்கிறார்கள். உள்ளூர்க்காரன் என்பதால் செயலாளர் பொறுப்பையும் என்னையே ஏற்கச் சொல்கிறார்கள். 50,000 ரூபாய் முன்பணத்தை ஏற்கெனவே என் வங்கிக் கணக்கில் செலுத்திவிட்டார்கள். ஒப்பந்தம் இன்னும் எழுதவில்லை.

போக்கர் திறமை விளையாட்டு என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது, ஆகவே பயப்பட ஒன்றுமில்லை என்று மாப்பிள்ளை உறுதியாகச் சொல்கிறார். என் தாயாரோ, சீட்டுக்கட்டும் பணமும் ஒரே மேசையில் இருந்தால் அது சூதுதான், அப்பா பெயரில் இருக்கும் இடத்தில் அது வேண்டாம் என்கிறார். இருவரில் யாரையும் நான் அலட்சியப்படுத்த விரும்பவில்லை. இப்படியொரு மன்றம் நடத்துவது தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றமா? கட்டடத்தைக் கொடுப்பதோடு நான் ஒதுங்கிக்கொண்டால் என்மீது பொறுப்பு வராதா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையுடன் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: இராமநாதபுரம் வழக்குரைஞர்

ஐயா, நான் இராமநாதபுரத்தில் குற்றவியல் வழக்குகளை நடத்திவருகிறேன். ஆவணங்களைப் பார்க்காமல் எழுதுவதால் இதைப் பொதுவான விளக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பந்தயமும் சூதாட்டமும் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 34-ஆவது இனமாக இருக்கின்றன. அதனால்தான் கோவாவில் உரிமத்துடன் நடப்பது இங்கே குற்றமாகிறது. சென்னை மாநகருக்கு 1888-ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டம். நம் மாவட்டத்துக்கு 1930-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம். உங்கள் கிட்டங்கிக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது சட்டம்.

அந்தச் சட்டம் ‘பொதுச் சூதாட்ட இல்லம்’ என்ற ஒன்றை வரையறுக்கிறது. சீட்டு, தாயம் போன்ற கருவிகள் வைக்கப்பட்டு, அந்த இடத்தின் உரிமையாளரோ, அதில் குடியிருப்பவரோ, அதை நடத்துபவரோ அதனால் ஆதாயம் அடைந்தால், அந்த ஆதாயம் கருவிகளுக்கான கட்டணமாக வந்தாலும், இடத்துக்கான கட்டணமாக வந்தாலும், வேறு எந்த வழியில் வந்தாலும், அது பொதுச் சூதாட்ட இல்லம். வீடு, அறை, கூடாரம், வண்டி, மரக்கலம் வரை அந்த வரையறைக்குள் வருகின்றன. நம் கடற்கரையில் சிலர், கரையில் ஆடினால்தான் வழக்கு, நங்கூரமிட்ட படகுக்குள் ஆடினால் இல்லை என்று நம்பிக்கொண்டிருப்பதை நான் கேட்டிருக்கிறேன். அது தவறு என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

8-ஆம் பிரிவு அப்படிப்பட்ட இல்லத்தைத் திறப்பவரையும் நடத்துபவரையும் மட்டும் தண்டிக்கவில்லை. அவ்வாறு பயன்படுத்த அனுமதிப்பவரையும், நடத்துவதற்கு உதவுபவரையும், அங்கே ஆடுவதற்குப் பணம் கொடுத்து உதவுபவரையும் சேர்த்தே தண்டிக்கிறது. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆடுகிறவர்களுக்கு 9-ஆம் பிரிவில் இதைவிடக் குறைந்த தண்டனை. தொகை சிறியது என்று எண்ணிவிட வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, ஒரு குழுவாகச் சேர்ந்து அனுமதியற்ற பந்தயமோ சூதாட்டமோ நடத்துவதைச் சிறு அமைப்புசார் குற்றங்களில் ஒன்றாக வைத்து, ஓராண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறை என்கிறது. நால்வர் சேர்ந்து நாள்தோறும் நடத்தும் மன்றத்தின்மீது அந்தப் பிரிவைச் சேர்க்கக் காவல் துறை முயலாது என்று என்னால் உறுதி கூற முடியாது.

இனி மாப்பிள்ளையின் வாதத்துக்கு வருகிறேன். 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, 5 முதல் 10 வரையிலான பிரிவுகள் திறமை விளையாட்டுகளுக்குப் பொருந்தா என்று சொல்கிறது. எந்த விளையாட்டில் திறமையின் பங்கு மேலோங்கி நிற்கிறதோ அது திறமை விளையாட்டு என்பது 1957-ஆம் ஆண்டு சாமர்பாக்வாலா வழக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் கடைப்பிடித்துவரும் அளவுகோல். குதிரைப் பந்தயம் அந்த அளவுகோலில் தேறியது, 1996-இல் தமிழ்நாட்டிலிருந்தே சென்ற லட்சுமணன் வழக்கில். போக்கரைப் பொறுத்தவரை, இணையவழிப் பணய ஆட்டங்களைத் தடை செய்து தமிழ்நாடு அரசு 2021-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. பின்னர் 2022-ஆம் ஆண்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாக அட்டவணையிட்டது. 2023 நவம்பர் 9 அன்று அதே நீதிமன்றம், அவை திறமை விளையாட்டுகள் என்று கூறி அந்த அட்டவணையை நீக்கியது. மாப்பிள்ளை சொல்வது இந்தத் தீர்ப்பைத்தான். அதை அவர் பொய்யாகச் சொல்லவில்லை.

ஆனால் அந்தத் தீர்ப்பு எழுந்தது இணையவழி ஆட்டத்தைப் பற்றிய வழக்கில். நான்கு சுவருக்குள் மன்றம் நடத்துபவருக்கு அடிப்படையான தீர்ப்பு 1968-ஆம் ஆண்டின் சத்தியநாராயணா வழக்கு. செகந்திராபாத்திலிருந்த ஒரு மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடியதற்காக வந்த வழக்கு அது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்துக்கொள்வதும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தீர்மானிப்பதும் திறமை என்பதால் ரம்மி பெருமளவு திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உறுப்பினர்களுக்கு வசதி செய்து தருவதற்காக மன்றம் ஒரு சிறு கட்டணம் வாங்குவதையும் குற்றமாகக் கொள்ளவில்லை. மூன்று சீட்டு வகை ஆட்டங்களை முழு அதிர்ஷ்டம் என்றது. பலரும் படிக்காமல் விட்டுவிடும் இன்னொரு வாக்கியமும் அதில் இருக்கிறது: பணயம் வைத்து ஆடப்படும் ரம்மியிலிருந்தோ வேறு ஆட்டத்திலிருந்தோ மன்றமோ இடத்தின் உரிமையாளரோ இலாபம் ஈட்டுவதற்குச் சான்று இருந்தால் குற்றம் நிலைநாட்டப்படலாம் என்பது அதன் சாரம்.

உங்கள் ஏற்பாட்டில் நடுவில் சேரும் தொகையில் நூற்றுக்கு ஐந்து எடுக்கிறீர்கள். பணயம் பெருகப் பெருக மன்றத்தின் வருவாயும் பெருகும். அந்த வாக்கியத்தை இதைவிட நேராகச் சந்திக்கும் ஓர் ஏற்பாட்டை நான் கண்டதில்லை. அதற்குமேல் நீங்கள் செயலாளர், கட்டட உரிமையாளர், இலாபப் பங்காளி ஆகிய மூன்றுமாக இருக்கப் போகிறீர்கள்.

பதில்: இராமேசுவரம் – பெங்களூர்

என் சொந்த ஊர் இராமேசுவரம். பத்து ஆண்டுகளாகப் பெங்களூரில் இருக்கிறேன், போக்கர் ஆடுகிறேன். வழக்குரைஞர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆயினும் இந்த ஆட்டத்தை அறியாதவர்கள் படிக்கிறார்கள் என்பதால் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

பரவலாக ஆடப்படும் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகக் கொடுக்கப்படுகின்றன; ஐந்து சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாக மேசையில் படிப்படியாகத் திறக்கப்படுகின்றன. ஒவ்வொரு படியிலும் ஒருவர் தொகையைக் கூட்டலாம், ஈடுகட்டலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். மற்ற எல்லோரும் விலகிவிட்டால், எஞ்சியவர் தம் சீட்டைக் காட்டாமலேயே வெற்றி பெறுகிறார். அதாவது மோசமான சீட்டுள்ளவரும் வெல்ல முடியும், நல்ல சீட்டுள்ளவரும் தோற்க முடியும். எதிராளியின் போக்கைக் கவனித்தல், வரக்கூடிய சீட்டுகளின் வாய்ப்பைக் கணக்கிடுதல், எப்போது விலகுவது என்று அறிதல் ஆகியவை இல்லாதவர் ஒரு மாதம் தொடர்ந்து ஆடித் தாக்குப்பிடிக்க இயலாது. மூணு சீட்டையும் மங்காத்தாவையும் இதனோடு ஒன்றாக வைப்பது நியாயமன்று.

மேற்கு வங்கத்தின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்ஜ், ரம்மி ஆகியவற்றோடு போக்கரையும் சூதாட்டத்தின் வரையறையிலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. நாகாலாந்து 2016-இல் இயற்றிய சட்டம் போக்கரைத் திறமை விளையாட்டுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2013-இல், திறமை விளையாட்டாக ஆடப்படும் போக்கருக்கு உரிமம் தேவையில்லை என்ற நிலைப்பாட்டை ஏற்றது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில், சூதாட்டமாகிவிடும் என்ற ஊகத்தை மட்டும் வைத்துக்கொண்டு அனுமதியை மறுக்கக் கூடாது என்றது. இத்தனை இருக்கும்போது, நம் கடற்கரையில் மட்டும் இதைக் குற்றவாளிகளின் வேலையாகப் பார்ப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. வெளிச்சமான இடத்தில், கணக்கு வைத்து, கேமராவின் முன்னால் ஆடினால் ஏமாற்று குறையும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பதில்: இராமநாதபுரம் வழக்குரைஞர்

தம்பி, நீங்கள் சுட்டியவை அனைத்தும் சரியே. ஆட்டத்தில் திறமை இருக்கிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் மேற்கு வங்கத்தில் விலக்கு அளித்தது சட்டமன்றம். அப்படியொரு வரி நம்முடைய 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. பிற மாநில உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை மதுரைக் கிளையில் வாதத்துக்கு ஆதரவாகக் காட்டலாம். அவை அந்த அமர்வைக் கட்டுப்படுத்தா. எதிர்ப்புறத்திலும் தீர்ப்பு இருக்கிறது: குஜராத் உயர் நீதிமன்றம் 2017 டிசம்பரில், போக்கர் அதிர்ஷ்ட விளையாட்டு என்றும், மன்றங்களில் அது நடப்பதைக் காவல் துறை தடுத்தது சரியே என்றும் கூறியது. சத்தியநாராயணா வழக்கு பிறந்த செகந்திராபாத்திலேயே இன்று நிலைமை மாறிவிட்டது; தெலங்கானா 2017-இல் சட்டத்தைத் திருத்தி, ரம்மிக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டது. ஒரு தீர்ப்பை மட்டும் நம்பி முதலீடு செய்வதில் உள்ள இடர் இதில் தெரிகிறது.

இன்னொன்று. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடே பாராமல் தடை செய்கிறது. நடத்துபவர்களுக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. அது மேசையில் சீட்டு வைத்து ஆடும் மன்றத்தைப் பற்றியது அன்று. ஆயினும் சீட்டுக்குப் பதில் கைக்கணினியில் செயலி வழியாகப் பணம் கட்டி ஆட வைக்கலாம் என்று உங்கள் நண்பர்களில் யாரேனும் யோசனை சொன்னால், 1930-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தப்பி இதற்குள் போய் விழுவீர்கள்.

பதில்: முன்னாள் பொருளாளர், கீழக்கரை

மண்டபத்துச் சகோதரருக்கு, நான் இக்கடற்கரையில் ஒரு மனமகிழ் மன்றத்தில் ஆறு ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன். சட்டத்தை வழக்குரைஞர் விளக்கிவிட்டார். பணம் எப்படி ஓடுகிறது என்பதை நான் சொல்கிறேன், ஏனெனில் எங்கள் மன்றம் எங்கே தவறியது என்பது எனக்குக் கணக்கேட்டில்தான் புரிந்தது.

ஒரு மேசையில் ஒன்பது பேர் அமர்கிறார்கள், ஆளுக்கு 2,000 ரூபாய்க்கு வில்லை வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் உள்ள மொத்தப் பணம் 18,000 ரூபாய். மணிக்கு 25 ஆட்டம், ஒவ்வொன்றிலும் நடுவில் சேர்வது சராசரி 600 ரூபாய் என்றால், நூற்றுக்கு ஐந்து வீதம் ஓர் ஆட்டத்துக்கு 30 ரூபாய், மணிக்கு 750 ரூபாய் மன்றத்தின் பெட்டிக்குள் போகிறது. ஐந்து மணி நேரத்தில் 3,750 ரூபாய். ஒன்பது பேரில் யார் வென்றாலும் யார் தோற்றாலும், மேசையில் இருந்த பணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஓரிரவில் மன்றத்துக்கு வந்துவிடுகிறது. திறமையுள்ள இருவர் வென்று கொண்டு போவது எஞ்சியதிலிருந்துதான். மற்ற எழுவர் மறுநாளும் வர வேண்டுமானால் அவர்கள் கையில் புதுப் பணம் இருக்க வேண்டும். புதுப் பணம் இல்லாதபோது மன்றம் என்ன செய்யும்? கடன் கொடுக்கும். எங்கள் மன்றத்தில் நடந்தது அதுதான்.

தொடக்கத்தில் கேரம், சதுரங்கம், செய்தித்தாள், பணயமில்லாத 13 சீட்டு ரம்மி என்றுதான் இருந்தது. கட்டட வாடகையும் மின்கட்டணமும் சந்தாவுக்குள் அடங்காமல் போன ஆண்டில், ஆளுக்கு மணிக்கு ஒரு தொகை என்று நாற்காலிக் கட்டணம் வைத்தோம். அதுவரை சரியாகவே இருந்ததாக இன்றும் நம்புகிறேன். யார் எவ்வளவுக்கு ஆடினாலும் மன்றத்துக்கு வருவது மாறாது. பிறகு நிர்வாகக் குழுவில் வந்த சிலர், ஆட்டத்திலிருந்தே நேரடியாக எடுக்கலாம் என்றார்கள். அதற்குப் பின் இரண்டே மாதங்களில் பணயம் நான்கு மடங்கானது, ஏனெனில் பணயம் உயர்ந்தால் குழுவுக்கு வரவு உயர்ந்தது. வெளியாட்களை ‘விருந்தினர்’ என்று ஒரே நாளில் எழுதிச் சேர்த்தோம். ஒருநாள் இரவு காவலர்கள் வந்தபோது உள்ளே 14 பேர் இருந்தார்கள். அவர்களில் உறுப்பினர் ஐவர் மட்டுமே. மேசையில் இருந்த பணம், சீட்டுக்கட்டுகள் ஆகியவற்றோடு பெயரின் முதலெழுத்தும் கடன் தொகையும் எழுதியிருந்த ஒரு சிறு குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குறிப்பேடு என் கையெழுத்தில் இருந்தது.

பதிவுச் சான்றிதழைக் காட்டினோம். சங்கமாகப் பதிவு செய்திருப்பது ஒரு சங்கம் இருக்கிறது என்பதற்குச் சான்றே தவிர, உள்ளே எதையும் நடத்தலாம் என்பதற்கான அனுமதி அன்று. சில மன்றங்கள் மது அருந்துவதற்காகப் பெறும் எஃப்.எல்.2 உரிமமும் அப்படியே. அது மதுவுக்கு மட்டும். சீட்டாட்ட வெற்றிப் பணத்துக்கு அரசு நூற்றுக்கு முப்பது வீதம் வருமான வரி வாங்குகிறதே, ஆகவே ஆட்டமும் சட்டப்படி சரிதானே என்று எங்களில் ஒருவர் வாதாடினார். வரி வாங்குவது ஒரு செயலைக் குற்றமற்றதாக ஆக்கிவிடாது என்று பின்னர் எங்கள் வழக்குரைஞரிடம்தான் தெரிந்துகொண்டோம்.

வழக்கு மூன்று ஆண்டுகள் நடந்தது. இறுதியில் அபராதத்தோடு முடிந்தது. அந்த மூன்று ஆண்டுகளில் வளைகுடாவுக்குச் செல்ல வேண்டிய உறுப்பினர் ஒருவருக்குக் கடவுச்சீட்டுப் புதுப்பிப்பில் காவல் துறைச் சரிபார்ப்பு நின்றுபோய், கிடைத்த வேலை கைவிட்டுப் போனது. உங்களுக்காக முக்கியமாகச் சொல்ல வேண்டியது இது: வழக்கில் மூன்றாம் எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்க்கப்பட்டவர் கட்டடத்தின் உரிமையாளர். அவர் சீட்டைத் தொட்டதே இல்லை. வாடகையை மாதம் ஒரு முறை வாங்க வருவார். அந்த வாடகை மன்றத்தின் வரவுக்கேற்பக் கூடிக் குறைந்ததுதான் அவருக்கு வினையானது.

பதில்: தங்கச்சிமடம் அக்கா

இந்த உரையாடலைப் படித்தபின் எழுதாமலிருக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் ஒரு குடும்பத்துக்கு அந்த இரண்டு மாதத்துக்கும் போதாது. வலை பின்னுவதும் படகைக் கரையேற்றிச் சாயம் அடிப்பதும் முடிந்த பிறகு ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சென்ற தடைக்காலத்தில் ஓரிடத்தில் சீட்டாட்டம் நடந்தது. போக்கரா வேறா என்று எனக்குத் தெரியாது. வில்லை கொடுத்து ஆடினார்கள் என்று மட்டும் அறிவேன். அங்கே கையிருப்பு தீர்ந்ததும், இடத்தை நடத்தியவரே கடன் கொடுத்து, வெற்றுப் புரோநோட்டில் இவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். இப்போது அதில் 1,40,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு வந்து நிற்கிறார், நீதிமன்றத்துக்குப் போவேன் என்கிறார்.

வழக்குரைஞர் ஐயா, அப்படி அவர் வழக்குப் போட முடியுமா? மண்டபத்துத் தம்பிக்கும் ஒன்று கேட்கிறேன்: பெரிய படகின் உரிமையாளர்கள் மட்டும்தான் வருவார்கள் என்று நினைக்கிறீர்கள். தடைக்காலத்தில் படகில் வேலை பார்க்கிறவர்கள் வாசலில் வந்து நின்றால், அவர்களைத் திருப்பி அனுப்பும் ஆளாக உங்கள் மாப்பிள்ளையும் அவர் நண்பர்களும் இருப்பார்களா?

பதில்: இராமநாதபுரம் வழக்குரைஞர்

அம்மா, 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 30-ஆம் பிரிவின்படி பந்தய உடன்பாடு செல்லாது. பந்தயத்தில் வென்றதாகச் சொல்லப்படும் தொகையைக் கேட்டு வழக்குத் தொடர முடியாது. ஆடுவதற்கு மூன்றாம் நபர் ஒருவர் தனியாகக் கொடுத்த கடன் என்றால் நிலைமை சற்று மாறும்; 1959-ஆம் ஆண்டு கெருலால் பாரக் வழக்கில் உச்ச நீதிமன்றம், பந்தயத்தோடு தொடர்புடைய பிற உடன்பாடுகள் எல்லாமே சட்டவிரோதம் ஆகிவிடா என்று கூறியிருக்கிறது. ஆனால் உங்கள் விஷயத்தில் கடன் கொடுத்தவரே இடத்தை நடத்தியவர். பொதுச் சூதாட்ட இல்லத்தில் ஆடப் பணம் கொடுப்பதே 8-ஆம் பிரிவின்கீழ் குற்றம். குற்றத்தை நோக்கமாகக் கொண்ட உடன்பாட்டை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது. அவர் அதைச் சாதாரணக் கைமாற்றுக் கடன் என்றே மனுவில் எழுதுவார். ஆகவே அது எங்கே, எப்போது, யார் முன்னிலையில் கொடுக்கப்பட்டது என்பதை நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். அவர் தரப்பிலிருந்து அறிவிப்பு வந்தால் பதில் அனுப்பாமல் இருந்துவிட வேண்டாம். கட்டணம் கட்ட இயலாத நிலையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி அங்கே இலவச சட்ட உதவி உண்டு. வீட்டுக்காரரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கேட்டவர்: மண்டபம் கிட்டங்கி

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு இந்தப் பதில்களை மாப்பிள்ளைக்கு முழுவதுமாகப் படித்துக் காட்டினேன். பொருளாளர் எழுதிய கணக்கை அவரே தாளில் போட்டுப் பார்த்தார். ஐந்து மணி நேரத்துக்கு 3,750 ரூபாய் என்பதைக் கண்டபின் வெகுநேரம் பேசவில்லை. நூற்றுக்கு ஐந்து எடுக்கும் ஏற்பாட்டையும் கடன் கொடுப்பதையும் விட்டுவிடச் சம்மதிக்கிறார். ஆனால் மன்றத்தை அடியோடு கைவிட அவருக்கு மனமில்லை. பணயமின்றி ஆடினால் என்ன என்று கேட்கிறார். நண்பர்கள் மூவரும் அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. தங்கச்சிமடத்து அக்கா கேட்ட கேள்விக்கு, அனுப்பமாட்டார்கள் என்பதே உண்மையான பதில். செயலாளர் பொறுப்பை நான் ஏற்கப் போவதில்லை. கட்டடத்தையேனும் கொடுக்கலாமா, முன்பணத்தை என்ன செய்வது?

பதில்: இராமநாதபுரம் வழக்குரைஞர்

ஐயா, முன்பணத்தை இப்போது திருப்பி அனுப்பிவிடுங்கள். வங்கி வழியாகவே அனுப்புங்கள், எதற்காகப் பெற்றது, ஏன் திருப்புகிறோம் என்பதை ஒரு கடிதத்தில் எழுதி, பதிவு அஞ்சலில் ஒரு படி அனுப்பி, ஒரு படியை வைத்துக்கொள்ளுங்கள்.

பணயம் எந்த வடிவிலும் இல்லை, வில்லைகளுக்குப் பண மதிப்பு இல்லை, பரிசும் பணமாக இல்லை, மன்றத்தின் வரவு மாறாத மாதச் சந்தா மட்டுமே என்றால், அங்கே போக்கர் ஆடுவதைச் சூதாட்டம் என்று சொல்வது கடினம். அப்படிப்பட்ட மன்றங்கள் தொல்லையின்றி நடக்க உயர் நீதிமன்றத்தை அணுகியபோது, உறுப்பினர்களுக்குப் படத்துடன் அடையாள அட்டை கொடுக்க வேண்டும், ஆடும் இடத்தில் கேமரா பொருத்த வேண்டும் என்ற நிபந்தனைகளோடு ஆணைகள் பிறப்பிக்கப்பட்டிருக்கின்றன. தவறு நடப்பதாகத் தகவல் வந்தால் காவல் துறை உள்ளே வருவதை அந்த ஆணைகள் தடுப்பதில்லை. பணயமில்லாத போக்கருக்கு மாதச் சந்தா கட்டி எத்தனை பேர் வருவார்கள் என்பதை நண்பர்கள்தான் முதலில் சொல்ல வேண்டும். வாசலில் பணயமில்லை என்று எழுதிவைத்து உள்ளே உறுப்பினர்கள் தங்களுக்குள் பின்னர் கணக்குத் தீர்த்துக்கொண்டால், சட்டம் பலகையைப் பார்க்காது.

அப்படியும் கட்டடம் கொடுப்பதாக இருந்தால், வாடகை மாறாத தொகையாக இருக்கட்டும், இலாபப் பங்கு என்ற சொல்லே ஒப்பந்தத்தில் வரக் கூடாது. பணயம் வைத்த ஆட்டம் எதுவும் இவ்விடத்தில் நடைபெறாது, நடைபெற்றதாக உரிமையாளருக்குத் தெரியவந்தால் முன்னறிவிப்பின்றி வாடகை உடன்பாடு முடிவுக்கு வரும், எந்த நேரத்திலும் உரிமையாளர் உள்ளே வந்து பார்வையிடலாம் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதிய பின் உண்மையிலேயே சென்று பாருங்கள், முக்கியமாகத் தடைக்காலத்து இரவுகளில். நண்பர்கள் இந்த வரிகளுக்குக் கையெழுத்திட மறுத்தால் சாவியைக் கொடுக்க வேண்டாம்.